திரைவழி அவையும் அதன் ஒழுக்கமும்

கருமம் ஒன்றை முடித்தற்பொருட்டு உத்தியோகத்தர் சிலர் ஓர் அறையிலே கூடியிருக்கின்றனர். நீண்ட மேசையின் ஒரு தலைப்பில் தலைவர் அமர்ந்திருக்கின்றார். ஒருவர் பேச விழையும்போது சற்றே முன்னோக்கிச் சாய்கின்றார்; மற்றொருவர் விரலை மெல்ல உயர்த்துகின்றார்; இன்னொருவர் தொண்டையைச் செருமிக்கொள்கின்றார். தலைவர் தமது கண்ணசைவினாலேயே இவர் முதலில், அவர் அடுத்து என்று முறைவகுத்து விடுகின்றார். தீர்மானமொன்று முன்மொழியப்படும்போது மூலையிலிருப்பவரின் முகம் வாடுமாயின் அதனையும் அவர் காண்கின்றார், "உங்கள் கருத்து யாது?" என்று வினவுகின்றார். இவையெல்லாம் பெரும்பாலும் சொல்லின்றியே நிகழ்கின்றன. அவற்றை ஒருவரும் தனியே அமர்ந்து கற்றதில்லை. நெடுநாட் பழக்கம் அவற்றை இயல்பாக்கி வைத்திருக்கின்றது.

அதே கூட்டம் இன்று கணினித் திரையிலே கூடுகின்றது. அங்கே மேசையில்லை, மூலையுமில்லை. ஒவ்வொருவரும் ஒரு சிறு சதுரத்துள் அடங்கிவிடுகின்றனர். முன்னோக்கிச் சாய்ந்தால் எவருக்கும் புலப்படுவதில்லை. செருமினால் அது வெறும் இரைச்சலாகின்றது. கண்ணசைத்தால் யாரை நோக்கி அசைத்தார் என்பது விளங்குவதில்லை. முன்னர் அறை தானாகவே செய்துவந்த பணிகளை இப்போது மனிதர் அறிந்தும் முயன்றும் செய்யவேண்டியிருக்கின்றது. காணொளிக் கூட்டத்துக்குரிய ஒழுக்கம் என்பது இம்முயற்சியே ஆகும்.

தொலைவிலிருந்து முகம் பார்த்து உரையாடும் விருப்பம் புதியதன்று. 1927ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்திலே, அமெரிக்காவின் வர்த்தகச் செயலாளராயிருந்த ஹேர்பேட் ஹூவர் வாஷிங்டன் நகரில் இருந்து பேச, அவருடைய உருவத்தை நியூயோர்க்கிலிருந்தோர் காணுமாறு பெல் ஆய்வுகூடத்தார் செய்துகாட்டினர். 1936ஆம் ஆண்டில் ஜெர்மனியின் பேர்லின், லைப்சிக் என்னும் நகரங்களுக்கிடையே பொதுமக்கள் முகம் பார்த்துப் பேசும் சேவை தொடங்கிற்று. 1964ஆம் ஆண்டின் நியூயோர்க் உலகக் கண்காட்சியில் 'பிக்சர்போன்' என்னும் கருவி காட்சிக்கு வந்தது. 1970ஆம் ஆண்டில் அது பிட்ஸ்பேர்க் நகரில் வணிகச் சேவையாகவும் ஆயிற்று. எனினும் கட்டணம் மிகுதியாயிருந்தமையால் அது நிலைபெறவில்லை.

நிலைமையை மாற்றியது ஒரு நோய். 2020ஆம் ஆண்டு மார்ச் 11ஆம் திகதி உலக சுகாதார நிறுவனம் கொவிட் நோயைப் பெருந்தொற்றென அறிவித்தது. இலங்கையில் அம்மாத நடுப்பகுதியில் பாடசாலைகள் மூடப்பட்டன. 20ஆம் திகதி மாலை நாடளாவிய ஊரடங்கு நடைமுறைக்கு வந்தது. 'சூம்' என்னும் கூட்டச் செயலியில் நாளொன்றுக்குப் பங்குபற்றுவோர் தொகை, 2019 டிசெம்பரில் ஒரு கோடியாயிருந்து, 2020 ஏப்பிரலில் முப்பது கோடியாயிற்று என்று அந்நிறுவனம் தெரிவித்தது. நோய் தணிந்தபின்னரும் வழக்கம் மறையவில்லை. 2022ஆம் ஆண்டில் எரிபொருள் தட்டுப்பாடு ஏற்பட்டபோது, அரசாங்க உத்தியோகத்தர் பலர் வீட்டிலிருந்தே கடமையாற்றுமாறு பணிக்கப்பட்டனர். இன்று திணைக்களங்களும் வங்கிகளும் பாடசாலைகளும் இக்கூட்டங்களைத் தம் அன்றாடக் கருமங்களுள் ஒன்றாகக் கொண்டுள்ளன. கருவி வேகமாக வந்துசேர்ந்தது. அதற்குரிய ஒழுக்கமோ மெல்லவே வந்துகொண்டிருக்கின்றது.

இவ்வொழுக்கம் ஏன் இன்றியமையாதது என்பதை அறிய, மனிதப் பேச்சின் இயல்பை முதலில் நோக்குதல் நன்று. உலகின் பல பாகங்களைச் சேர்ந்த பத்து மொழிகளின் உரையாடலை ஒப்பிட்டு ஆய்ந்த அறிஞர்கள் 2009ஆம் ஆண்டில் தம் முடிபை வெளியிட்டனர். ஒருவர் பேசி முடிப்பதற்கும் மற்றவர் பேசத் தொடங்குவதற்கும் இடையேயுள்ள நேரம், சராசரியாக ஒரு செக்கனின் ஐந்திலொரு பங்களவே என்பது அவர்கள் கண்டது. கண்ணிமைக்கும் பொழுதளவான இவ்விடைவெளியிலேயே மனிதர் முறை மாறிப் பேசுகின்றனர். ஆனால் இணையவழி செல்லும் குரலோ சிறு துண்டுகளாகப் பகுக்கப்பட்டு, பல நிலையங்களைக் கடந்து, மறுமுனையில் மீண்டும் ஒன்றுசேர்க்கப்படுகின்றது. ஒருவழித் தாமதம் 150 மில்லிசெக்கனுக்கு உட்பட்டிருந்தால் உரையாடல் பெரிதும் பாதிக்கப்படாதென்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை. இணைப்பு நலிந்த இடங்களில் தாமதம் அதனைக் கடந்துவிடும். அப்போது, "முடிந்தது" என்றெண்ணி ஒருவர் பேசத் தொடங்க, முன்னவரின் எஞ்சிய சொற்கள் அப்போதுதான் வந்துசேரும். இருவர் குரலும் மோதும், இருவரும் நிறுத்துவர், மீண்டும் இருவரும் ஒருங்கே தொடங்குவர்.

இதனால் விளையும் தீங்கு நேரவிரயம் மட்டுமன்று. ஜெர்மனியில் ஆராய்ச்சியாளர் சிலர், தொலைபேசி உரையாடல்களில் வேண்டுமென்றே சிறு தாமதத்தைப் புகுத்தி, அதன் விளைவை ஆய்ந்து 2014ஆம் ஆண்டில் வெளியிட்டனர். தாமதம் கருவியினால் ஏற்பட்டதென்பதை அறியாதோர், எதிர்முனையிலிருந்தவரைக் கவனக் குறைவுள்ளவரென்றும் இணக்கமற்றவரென்றும் மதிப்பிட்டனராம். கருவியின் குறை மனிதரின் குணக்குறையாகக் கருதப்பட்டுவிட்டது. காணொளிக் கூட்டத்தின் சங்கடங்களுக்கெல்லாம் மூலம் இதுவே எனலாம். பிந்தி விடையிறுப்பவர் மந்தபுத்தியுடையவர் போலத் தோன்றுகின்றார். முகம் உறைந்து நிற்பவர் அக்கறையற்றவர் போலத் தோன்றுகின்றார். குரல் அறுந்தவர் உடன்பட்டவர் போலக் கொள்ளப்படுகின்றார்.

ஓர் உதாரணத்தை எண்ணிப் பார்க்கலாம். கல்வி வலயமொன்றின் அதிபர்கள் நாற்பதின்மர் காணொளியிற் கூடியிருக்கின்றனர். புதிதாக நியமனம்பெற்ற கணித ஆசிரியர்களை எவ்வெப் பாடசாலைகளுக்கு அனுப்புவது என்பது பேச்சு. நகரப் பாடசாலைகளின் இணைப்புச் சீராக இருக்கின்றது. நகரிலிருந்து முப்பது மைல் அப்பால், குளக்கரையிலுள்ள சிறு பாடசாலையின் அதிபரோ, சமிக்ஞை கிடைக்கும் ஒரே இடமாகிய மதிலோரத்தில் கைத்தொலைபேசியுடன் நிற்கின்றார். அவரது பாடசாலையில் இரண்டு ஆண்டுகளாகக் கணித ஆசிரியர் இல்லை. "யாருக்காவது ஆட்சேபனை உண்டா?" என்று தலைவர் வினவும்போது அவருடைய இணைப்பு அரை நிமிடம் அறுந்துபோகின்றது. ஐந்து செக்கன் மௌனம் நிலவுகின்றது. "இல்லை, நன்று, அடுத்த விடயத்துக்குச் செல்வோம்" என்கின்றார் தலைவர். எவரும் எவருக்கும் தீங்கெண்ணவில்லை. ஆயினும் மாணவர்கள் மேலும் ஓராண்டு கணிதமின்றி இருக்க நேர்கின்றது. திரைவழி அவையின் ஒழுக்கம் இத்தகைய மௌனத்தை அடையாளங்காணுவதிலேயே தொடங்கவேண்டும்.

தமிழ் மரபில் அவைக்குரிய ஒழுக்கம் பெரிதாகப் போற்றப்பட்டுள்ளது. திருக்குறளிலே அவையறிதல், அவையஞ்சாமை என இரண்டு அதிகாரங்கள் அடுத்தடுத்து அமைந்துள்ளமை அதற்குச் சான்று. அவையின் தன்மையறிந்து பேசுதல் ஒன்று. அஞ்சாது பேசுதல் மற்றொன்று. திரைவழி அவைக்கும் இவ்விரண்டுமே அடிப்படை. ஆனால் இங்கே அவையின் தன்மை என்பது கேட்போரின் அறிவை மட்டும் குறிப்பதன்று; அவர்களுடைய இணைப்பு, மின்சாரம், இல்லச் சூழல் ஆகியவற்றையும் உள்ளடக்கியதாகும்.

இனி, கூட்டத்தை அழைப்பவரின் கடமைகளை முதலில் நோக்கலாம். கூட்டம் வேண்டியதுதானா என்று அவர் தம்மையே வினவிக்கொள்ளல் முதற்கடமை. ஒரு கடிதத்தாலோ ஐந்து நிமிடத் தொலைபேசிப் பேச்சாலோ முடியும் கருமத்துக்கு முப்பது பேரை ஒரு மணிநேரம் திரைமுன் அமர்த்துதல், முப்பது மணிநேர உழைப்பைச் செலவிடுவதாகும். கூட்டம் வேண்டியதே என்று துணிந்தால், நிகழ்ச்சி நிரலும் ஆவணங்களும் முந்திய நாளே சென்றடைதல் வேண்டும். கூட்டம் நடக்கும்போது பெரிய ஆவணங்களைத் தரவிறக்க முற்படுபவரின் இணைப்பு மேலும் நலிவடையும்.

நேரந்தெரிதலும் ஓர் மரியாதையே. வெள்ளிக்கிழமை நண்பகலில் முஸ்லிம் உத்தியோகத்தர் தொழுகைக்குச் செல்வர். நோன்புக் காலத்தின் மாலைவேளை நோன்பு திறக்கும் வேளை. போயா நாள் விடுமுறை நாள். வெளிநாட்டாருடன் கூடும்போது எந்நாட்டு நேரம் என்பதைத் தெளிவாகக் குறித்தல் வேண்டும். இலங்கைக்கும் இலண்டனுக்கும் இடையே குளிர்காலத்தில் ஐந்தரை மணிநேரமும் கோடைகாலத்தில் நாலரை மணிநேரமும் வேறுபாடுண்டு. இதனை மறந்து அழைத்தவரால் ஒரு மணிநேரம் வீணே காத்திருந்தோர் பலர். குறித்த நேரத்தில் தொடங்குதலும், குறித்த நேரத்தில் முடித்தலும் அழைத்தவரின் பொறுப்பாகும்.

பங்குபற்றுவோர் பத்து நிமிடம் முன்னரே தம் கருவியைச் சோதித்துக்கொள்ளல் நன்று. ஒலிவாங்கி இயங்குகின்றதா, கமரா எதனைக் காட்டுகின்றது, மின்கலத்தில் மின்னேற்றம் உண்டா என்பவற்றை அறிந்துகொள்ளல் வேண்டும். 2021 பெப்ருவரியில் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநில நீதிமன்றமொன்றின் காணொளி விசாரணையிலே, வழக்கறிஞர் ஒருவரின் முகத்துக்குப் பதிலாக ஒரு பூனைக்குட்டியின் முகம் தோன்றிற்று. பிறரொருவரின் கணினியை அவர் பயன்படுத்தியமையே காரணம். அதிலிருந்த வேடிக்கை அமைப்பை நீக்க அவருக்குத் தெரியவில்லை. உலகமெங்கும் மக்கள் அதைக் கண்டு நகைத்தனர். ஆனால் அவ்வழக்கின் நீதிபதி நகைக்கவில்லை. அமைப்பை மாற்றும் வழியை அமைதியாகக் கூறி, விசாரணையைத் தொடர வழிசெய்தார். முன்கூட்டியே சோதித்தல் பங்குபற்றுவோரின் ஒழுக்கம். தவறு நேர்ந்தவிடத்து நகையாது துணைசெய்தல் தலைவரின் ஒழுக்கம். இரண்டையும் அந்நிகழ்ச்சி ஒருங்கே உணர்த்துகின்றது.

அடுத்தது குரல். கொழும்பில் 1925 டிசெம்பரில் ஒலிபரப்புத் தொடங்கிய நாட்டிலே, வானொலி நேயர்க்குக் குரலின் அருமையை எடுத்துரைக்க வேண்டியதில்லை. ஒலிபரப்புக் கூடத்திற் சிவப்பு விளக்கு எரியத் தொடங்கியதும், பேசுபவரைத் தவிர ஏனையோர் காகிதத்தைப் புரட்டுவதற்கும் அஞ்சுவர். திரைவழிக் கூட்டத்தில் அச்சிவப்பு விளக்கின் வேலையை 'மியூட்' என்னும் பொத்தான் செய்கின்றது. பேசாதவேளையில் ஒலிவாங்கியை மூடிவைத்தல், பேசும்போது மறவாது திறத்தல் என்பன இங்கு முதற்பாடம். ஒருவர் மூடிய ஒலிவாங்கியுடன் பேசுவாராயின், அதனை உடனே அவருக்கு எடுத்துரைத்தல் பிறர் கடமை.

மூடாத ஒலிவாங்கி ஏன் இடையூறாகின்றது என்பதற்குக் காரணமுண்டு. கணினியின் ஒலிபெருக்கியிலிருந்து வெளிவரும் பிறர் குரலை, அதே கணினியின் ஒலிவாங்கி மீண்டும் உள்வாங்கி அனுப்பிவிடுகின்றது. பேசுபவர் தம் குரலையே சற்றுப் பிந்தி எதிரொலியாகக் கேட்கின்றார். செயலிகள் இவ்வெதிரொலியை அகற்ற முயல்கின்றன. அம்முயற்சியில் இருவர் ஒரே வேளையிற் பேசினால், ஒருவரின் குரல் தேய்ந்தும் அறுந்தும் போவதுண்டு. ஓரறையில் இருவர் இரு கணினிகளுடன் அமர்ந்து, இரண்டின் ஒலியையும் திறந்துவைப்பின் காதைத் துளைக்கும் ஊளை எழும். செவியில் மாட்டும் ஹெட்போனைப் பயன்படுத்துவோர் இத்தொல்லைகளிற் பெரும்பகுதியைத் தவிர்த்துவிடலாம். மின்விசிறியின் இரைச்சலும், தட்டச்சு ஓசையும், தகரக்கூரையில் விழும் மழையும் ஒலிவாங்கிக்குப் பேச்சைப் போலவே பெரிதாகக் கேட்கும்.

இது எளியோர்க்கு மட்டும் நேரும் தவறன்று. 2020ஆம் ஆண்டு மே மாதம் அமெரிக்க உச்சநீதிமன்றம் தன் வரலாற்றில் முதன்முறையாகத் தொலைபேசிவழி வாதங்களைக் கேட்கத் தொடங்கியது. அவை பொதுமக்களுக்கும் நேரடியாக ஒலிபரப்பாயின. அம்மாதம் 6ஆம் திகதி முக்கியமான வழக்கொன்றின் வாதத்தினிடையே கழிவறையில் நீர் பாயும் ஓசை நாடெங்கும் கேட்டது. மூடாத ஒலிவாங்கிக்கு அவையின் பெருமை தெரியாது.

குரலுக்கு அடுத்தது முகம். முகத்தைக் காட்டுதல் பேசுபவருக்கு ஊக்கமளிக்கின்றது என்பதில் ஐயமில்லை. கேட்போர் ஒருவர் முகமும் தெரியாது, இருண்ட சதுரங்களை நோக்கிப் பேசுதல் சுவரோடு பேசுதலை ஒக்கும். ஆதலின் சிறு கூட்டங்களில், குறைந்தது பேசும்போதாவது, கமராவைத் திறத்தல் நல்ல வழக்கம். விளக்கும் சாளரமும் முகத்துக்கு முன்னே இருத்தல் வேண்டும். பின்னே இருப்பின் முகம் நிழலுருவாகிவிடும். கமரா கண்மட்டத்தில் இருப்பது நன்று. அலுவலகத்துக்குச் செல்லும்போது அணியும் உடையை அணிதல், உடனிருப்போருக்கு அளிக்கும் மதிப்பாகும்.

ஆனால் முகங்காட்டலைக் கட்டாயமாக்குதல் முறையன்று. குரலைக் கொண்டுசெல்லும் அளவைக் காட்டிலும் நல்ல படத்தைக் கொண்டுசெல்ல ஏறத்தாழப் பத்து மடங்கு இணைப்புத் திறன் வேண்டும். நலிந்த இணைப்பிற் படத்தை நிறுத்திக் குரலைக் காத்துக்கொள்பவர் அறிவுடன் நடந்துகொள்கின்றார். அவரை அக்கறையற்றவரெனக் கருதல் தவறு. ஊவா மாகாணத்தின் மலைக்கிராமம் ஒன்றில், 2021ஆம் ஆண்டில், மாணவரும் ஆசிரியரும் சமிக்ஞை தேடிக் காட்டு மலையேறிய செய்தி உலகப் பத்திரிகைகளில் வெளிவந்தது. அத்தகைய இடத்திலிருந்து வரும் குரலைக் கேட்டவர், "முகத்தைக் காட்டுங்கள்" என்று வற்புறுத்துவாரல்லர். வீட்டின் ஒரே அறையிற் பிள்ளைகளும் முதியோரும் இருக்க, அதனைப் பிறர் பார்வைக்குத் திறந்துவிட விரும்பாமையும் நியாயமானதே. குழந்தையொன்று திரையில் எட்டிப்பார்ப்பின், அதைக் குற்றமாகக் கொள்ளாது புன்னகையுடன் கடந்துசெல்லலாம்.

நாள்முழுதும் திரையில் முகம் பார்ப்பதால் வரும் களைப்புக்கும் காரணங் கண்டுள்ளனர். ஸ்ரன்போர்ட் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜெரமி பெய்லன்சன் 2021ஆம் ஆண்டில் எழுதிய கட்டுரையில் நான்கு காரணங்களைக் கூறினார். பலருடைய கண்கள் மிக அண்மையிலிருந்து இடைவிடாது நோக்குதல், தன் முகத்தையே ஓயாது காணுதல், ஓரிடத்தில் அசையாதிருத்தல், குறிப்புகளை உணரவும் உணர்த்தவும் மூளை மிகையாக உழைத்தல் என்பன அவை. ஆகவே ஒரு கூட்டத்துக்கும் மற்றொன்றுக்கும் இடையே பத்து நிமிட ஓய்வு விடுதல், தன் உருவத்தைத் திரையிலிருந்து மறைத்துக்கொள்ளல், நீண்ட உரைகளின்போது கமராவை மூட அனுமதித்தல் ஆகியன சோம்பலுக்கு இடங்கொடுத்தலாகா.

இனி முறைமாறிப் பேசுதல். இதுவே ஒழுக்கத்தின் உயிர்நிலை. பேச விழைவோர் செயலியிலுள்ள கை உயர்த்தும் குறியைப் பயன்படுத்தல் வேண்டும். பேசத் தொடங்குமுன் தம் பெயரையும் அலுவலகத்தையும் ஒரு தொடரிற் கூறுதல், தொலைபேசியில் மட்டும் கேட்போருக்குப் பேருதவி. பேசி முடித்ததும் "இத்துடன் முடிக்கின்றேன்" எனல் பழைமைபோலத் தோன்றினும், தாமதமுள்ள இணைப்பில் அது மிகப் பயன்படும். வினாவெழுப்பியவர் விடைக்கு ஐந்தாறு செக்கனேனும் காத்திருத்தல் வேண்டும். "யாராவது சொல்லுங்கள்" என்று பொதுவில் விடும் வினா மௌனத்தையே பெறும். பெயர் சொல்லி வினவப்படுவதே விடை பெறும்.

பெயர் சொல்லி அழைப்பதன் ஆற்றலுக்கு அதே அமெரிக்க உச்சநீதிமன்றம் ஒரு சான்று தந்தது. முன்னர் நீதிமன்ற மண்டபத்திலே, நீதியரசர்கள் முந்திக்கொண்டு வினாத்தொடுப்பதே வழக்கம். அவர்களுள் ஒருவரான கிளாரென்ஸ் தோமஸ், 2006 பெப்ருவரி முதல் 2016 பெப்ருவரி வரை, பத்தாண்டுக்காலம் வாதங்களின்போது ஒரு வினாவும் எழுப்பவில்லை. 2020 மே 4ஆம் திகதி தொலைபேசி விசாரணை தொடங்கியபோது, ஒருவர்மீதொருவர் மோதாதிருக்கும்பொருட்டு, பிரதம நீதியரசர் ஒவ்வொருவரையும் பதவி மூப்பின்படி பெயர் சொல்லி அழைத்தார். தோமஸ் முதல் வழக்கிலேயே வினா எழுப்பினார், தொடர்ந்தும் எழுப்பினார். 2021 ஒக்டோபரில் நீதிமன்றம் மண்டபத்துக்குத் திரும்பிய பின்னரும், ஒவ்வொரு வாதத்தின் முடிவிலும் நீதியரசர் ஒவ்வொருவருக்கும் முறைப்படி இடமளிக்கும் சுற்று ஒன்று நிலைத்துவிட்டது. முறைவகுத்து அழைத்தபோது, நெடுநாள் கேளாதிருந்த குரல் ஒன்று கேட்டது. ஒரு நாட்டின் அதியுயர் நீதிமன்றத்திலேயே இவ்வாறாயின், புதிதாகப் பணியிற் சேர்ந்த ஓர் இளம் எழுதுவினைஞருக்கு இம்முறை எவ்வளவு துணையாகும் என்பதைச் சொல்லவேண்டுவதில்லை.

இலங்கையில் இதனோடு மொழிப்பிரச்சினையும் சேர்ந்துவருகின்றது. 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் அரசியலமைப்புத் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. எனினும் பல திணைக்களக் கூட்டங்களிற் பேச்சு ஒரே மொழியில் விரைந்தோடுவதுண்டு. அறையிலிருந்தால் அருகிலிருப்பவர் மெல்லக் காதோடு பொருளுரைப்பார்; திரையில் அந்த அருகாமை இல்லை. ஆதலால் ஒவ்வொரு விடயமும் முடிவுறும்போது அதன் சாரத்தை மற்ற மொழியிலும் இரண்டொரு வாக்கியங்களில் உரைத்தல், தீர்மானங்களை இரு மொழிகளிலும் எழுத்தில் இடுதல் ஆகியன வேண்டும். செயலியில் சமகால மொழிபெயர்ப்புக்கெனத் தனி ஒலிவழி அமைத்துக்கொள்ளவும் இயலும். மொழிபெயர்ப்பாளர் இருப்பின், பேசுவோர் நிதானமாகப் பேசுதல், எண்களையும் பெயர்களையும் நிறுத்திக் கூறுதல், வாசிக்கப்போகும் உரையை முன்கூட்டியே அவருக்கு அனுப்புதல் என்பன அவருக்குச் செய்யும் மரியாதை. அது மூளையைக் களைப்படையச் செய்யும் தொழிலாதலின், அரைமணிக்கொருமுறை இருவர் மாறிமாறிப் பணியாற்றுவதே தக்கது.

எழுத்து உரையாடலுக்கென 'சற்' என்னும் பகுதி செயலிகளில் உண்டு. ஒலி அறுந்தவருக்கு அது பற்றுக்கோடு. கூச்சமுள்ளவருக்கு அது வாயில். ஆகவே ஒருவர் அதனைத் தொடர்ந்து நோக்கி, அங்கு வரும் கேள்விகளைத் தலைவருக்கு எடுத்துக்கூறல் வேண்டும். ஆனால் இருவர் தமக்குள் நகையாடுவதற்கு அது இடமன்று. ஒருவருக்கென எழுதியது அனைவர்க்கும் சென்றுசேர்ந்து நட்பைக் குலைத்த கதைகள் பல.

கூட்டத்தைப் பதிவுசெய்வதாயின் தொடக்கத்திலேயே அறிவித்து, உடன்பாடு பெறுதல் வேண்டும். ஒருவரின் முகமும் குரலும் அவருக்குரிய தனிப்பட்ட தரவுகள். இலங்கையிலும் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டமாகத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டுள்ளது. பிறர் அறியாமற் கைத்தொலைபேசியில் திரையைப் படம்பிடித்துப் பரப்புதல், மூடிய கதவுக்கு வெளியே நின்று ஒட்டுக்கேட்டலினும் இழிந்தது. அந்தரங்க விடயங்கள் பேசப்படும்போது அறையில் வேறெவரும் கேட்டுக்கொண்டிராமையை உறுதிசெய்தலும் பங்குபற்றுவோரின் கடமை.

மீண்டும் அக்குளக்கரைப் பாடசாலை அதிபரிடத்துக்கு வரலாம். இவ்வொழுக்கங்கள் பேணப்பட்டிருப்பின் அக்கூட்டம் எவ்வாறு நடந்திருக்கும்? பங்கீட்டுப் பட்டியல் முந்திய நாளே அவரை அடைந்திருக்கும். தம் பாடசாலையின் தேவையை அவர் முன்னரே எழுதி அனுப்பியிருப்பார். கூட்டத்தில் தலைவர் பாடசாலைகளைப் பெயர் சொல்லி அழைத்திருப்பார். விடை வராதவிடத்து, "அதிபரின் இணைப்பு அறுந்துள்ளது, அவரோடு தொலைபேசியிற் பேசிய பின்னரே இவ்விடயம் முடிவாகும்" என்று கூட்டக் குறிப்பில் எழுதச்செய்திருப்பார். மாலையில் ஓர் எழுதுவினைஞர் அவரைத் தொலைபேசியில் அழைத்திருப்பார். இவற்றுக்கெல்லாம் புதிய கருவி எதுவும் வேண்டியதில்லை. ஒரு பெயர்ப்பட்டியலும் ஒரு தொலைபேசியும் போதும்.

இணைப்பை இழந்தவருக்கும் கடமையுண்டு. மீண்டும் இணைந்ததும் நடுப்பேச்சிற் குறுக்கிடாது, "இன்ன நேரம் முதல் இன்ன நேரம் வரை கேட்கவில்லை" என்று எழுத்திற் பதிவுசெய்தல் வேண்டும். அது வெட்கப்படத்தக்கதன்று. 2022 மார்ச் இறுதியில் நாடெங்கும் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேரம்வரை மின்வெட்டு நீடித்தபோது, அறுபடாத இணைப்பு எவரிடத்தும் இருந்ததில்லை. கேளாததைக் கேட்டதாகப் பாவனைசெய்து தலையசைத்தலே பின்னர் கேடு விளைக்கும்.

கூட்டம் முடிவுறும்போது, யார் எதனை எந்நாளுக்குள் செய்வது என்பதைத் தலைவர் ஒருமுறை வாசித்து, ஒரு நாளைக்குள் எழுத்திலும் அனுப்புதல் முறை. நன்றிகூறி விடைபெற்ற பின்னரும், திரை உண்மையாகவே மூடப்பட்டதா என்று பார்த்துக்கொண்ட பிறகே உடனிருப்போரிடம் வாய்திறத்தல் அறிவுடைமை. ஆனால் தலைவர் மட்டும் இறுதிவரை இருந்து, எல்லோரும் சென்றபின் செல்வது நன்று. கூட்டத்திற் கேட்கத் தயங்கிய ஒரு கேள்வியோடு ஒருவர் கடைசிச் சதுரத்திற் காத்திருக்கக்கூடும்.